மூன்று கணினிகளில் ஒரே தண்டர்பேர்ட்

மெய்ப்புத் திருத்துவது என் தொழில். கோப்பு வருவதும் போவதும் மின்னஞ்சலில்தான். மேசையில் ஒரு விண்டோஸ் கணினி, பயணத்துக்கு ஒரு லேப்டாப், பிரின்டருக்குப் பக்கத்தில் லினக்ஸ் போட்ட பழைய பெட்டி ஒன்று. மூன்றிலும் தண்டர்பேர்ட் என்ற மெயில் செயலி. இங்கே படித்த மெயில் அங்கேயும் படித்ததாக இருக்க வேண்டும், அவ்வளவுதான் என் ஆசை.

முதலில் கணக்கை பாப் முறையில் போட்டிருந்தேன். அதில் ஒவ்வொரு கணினியும் தனக்கென்று ஒரு பிரதியை இறக்கிக்கொள்ளும். காலையில் மேசையில் பதில் எழுதி முடித்த மெயில்கள் மாலையில் லேப்டாப்பில் தடித்த எழுத்தில் புத்தம்புதிதாக நிற்கும். ஒரே கோப்பை இரண்டு முறை திருத்தி அனுப்பிய பெருமையும் எனக்கு உண்டு.

ஐமேப் என்ற இன்னொரு முறை அப்படி இல்லை. மார்க் கிறிஸ்பின் என்ற கணினி நிபுணர் 1986இல் வடிவமைக்கத் தொடங்கியது அது. மெயில் சர்வரிலேயே, அதாவது மெயில் சேவை தருபவரின் கணினியிலேயே இருக்கும். படித்தது, பதில் போட்டது, நட்சத்திரம் வைத்தது என்ற அடையாளங்களும் அங்கேதான். பாப் கணக்கை அப்படியே ஐமேப்பாக மாற்ற தண்டர்பேர்டில் வழி கிடையாது. அதே முகவரியைப் புதுக் கணக்காகச் சேர்த்து, பழைய மெயில்களை ஃபோல்டர் ஃபோல்டராக இழுத்துப் போட்டேன். ஒரு ராத்திரி முழுக்க ஏறியது. அதற்குப் பிறகு இன்பாக்ஸைப் பற்றி நான் யோசித்ததே இல்லை.

அனுப்பிய மெயில்தான் கொஞ்சம் சுற்றவிட்டது. லேப்டாப்பில் அனுப்பியது மேசையில் தெரியவில்லை. அனுப்பும் வேலையை எஸ்எம்டிபி என்ற வேறொரு முறை செய்கிறது. அதன் பிரதியை ஒரு ஃபோல்டரில் சேர்ப்பது தனி வேலை. லேப்டாப்பில் அந்தப் பிரதி, அந்தக் கணினிக்குள்ளேயே இருக்கும் 'லோக்கல் ஃபோல்டர்ஸ்' என்ற இடத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. கணக்கு அமைப்பில் 'காப்பீஸ் அண்ட் ஃபோல்டர்ஸ்' பக்கத்துக்குப் போய், சர்வரில் உள்ள சென்ட் ஃபோல்டரைக் காட்டியதும் சரியானது.

சரி, மெயில் ஒத்துப்போகிறது, மற்றதும் ஒத்துப்போகட்டும் என்று பேராசைப்பட்டேன். ஃபில்டர் (வரும் மெயிலைத் தானாகப் பிரித்துப்போடும் விதி), கையொப்பம், முகவரிப் புத்தகம் எல்லாம் தண்டர்பேர்ட் தன் அமைப்புகளை வைத்திருக்கும் ப்ரொஃபைல் என்ற ஃபோல்டருக்குள் இருப்பவை. அதைத் தூக்கி, கோப்புகளை ஒத்திசைக்கும் ஒரு கருவியிடம் கொடுத்துவிட்டேன். ஒரு நாள் மேசையில் தண்டர்பேர்டை மூடாமலே லேப்டாப்பிலும் திறந்தேன். தண்டர்பேர்ட் எழுதிக்கொண்டிருக்கும்போதே நகலெடுக்கப்பட்ட கோப்புகள் ஒன்றையொன்று மிதித்துக்கொண்டன. முகவரிப் புத்தகத்தில் பாதிப் பேர் காணோம். தப்பு முழுக்க என்னுடையது. ஓடிக்கொண்டிருக்கும் ப்ரொஃபைலை நகலெடுக்கவே கூடாது. அதிலுள்ள பிரெஃப்ஸ் என்ற அமைப்புக் கோப்பில் ஃபோல்டர் பாதைகள் வேறு எழுதியிருக்கும். விண்டோஸ் பாதையை வைத்துக்கொண்டு லினக்ஸ் என்ன செய்யும்? மெயில் ஒன்றுகூடத் தொலையாதது சர்வர் புண்ணியம்.

இப்போது ப்ரொஃபைலைத் தொடுவதில்லை. முகவரிகளுக்கு கார்ட்டேவ், நாட்காட்டிக்கு கால்டேவ் என்று சர்வர் வழியாக ஒத்திசைக்கும் முறைகள்; இரண்டையும் தண்டர்பேர்ட் தானாகவே ஆதரிக்கிறது, தனி ஆட்ஆன் வேண்டாம். ஃபில்டர்களை சர்வர் பக்கம், சீவ் என்ற ஃபில்டர் மொழியில் விதிகளாக எழுதிவிட்டேன். மூன்று கணினியும் அணைந்து கிடந்தாலும் பதிப்பகத்து மெயில் அதன் ஃபோல்டருக்குள் போய் உட்கார்ந்துவிடுகிறது. எல்லா சர்வர்களிலும் சீவ் இருக்காது. இல்லாதவர்கள் எப்போதும் ஓடும் ஒரு கணினியில் மட்டும் ஃபில்டர் வைத்தால் போதும், அது நகர்த்தியதை மற்றவை தாமாகவே பார்த்துக்கொள்ளும்.

ஒன்று ஞாபகம் இருக்கட்டும், ஐமேப் காப்புப்பிரதி ஆகாது. லேப்டாப்பில் அழித்தால் மேசையிலும் அழியும். மாதம் ஒரு முறை முக்கிய ஃபோல்டர்களை லோக்கல் ஃபோல்டர்ஸுக்கு நகலெடுக்கிறேன். இழுக்கும்போது கவனம், மெயில்களைத் தேர்ந்தெடுத்து வெறுமனே இழுத்தால் நகலாகாது, இடம் மாறிவிடும்.

ஃபயர்பாக்ஸ் பிரவுசரில் ஒரு கணக்கில் நுழைந்தால் புக்மார்க்கெல்லாம் பின்னாலேயே வருகிறதே, அந்த வசதியை இங்கேயும் கொடுத்தால் ஐந்து நட்சத்திரம் போடுவேன். இப்போதைக்கு நாலு. கையொப்பத்தில் ஒரு வரி மாற்ற வேண்டுமென்றால் இன்னும் மூன்று நாற்காலியில் உட்கார்ந்து எழ வேண்டியிருக்கிறது.