பதினோரு பேர், நாலு கேபின்: பெரிய குடும்பத்துக்குக் கப்பலில் ரூம் போட்ட அனுபவம்

கப்பலில் போகிறோம் என்று சொன்னதும் தெரிந்தவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "பால்கனி ரூமா?" என்பதுதான். இல்லை என்றால் ஒரு பாவப் பார்வை. பதினோரு பேரை அழைத்துக்கொண்டு போகிறவளுக்குப் பால்கனியெல்லாம் கடைசிக் கவலை. காலையில் எத்தனை பாத்ரூம் கிடைக்கும் என்பதுதான் முதல் கவலை.

நாங்கள் சென்னை ஆதம்பாக்கம். மாமனார், மாமியார், மாமியாரின் தங்கை (எங்களுக்குச் சித்தி), நாங்கள் இருவர், இரண்டு பிள்ளைகள், நாத்தனார் குடும்பம் நாலு பேர். 2022 ஜூனில் கார்டீலியா நிறுவனத்தின் எம்ப்ரஸ் கப்பல் சென்னைத் துறைமுகத்திலிருந்து கிளம்ப ஆரம்பித்தபோதுதான் எங்கள் வீட்டில் கப்பல் பேச்சே வந்தது. அதில் ஆரம்பித்து, அப்புறம் சிங்கப்பூரிலிருந்து கிளம்பும் பெரிய கப்பல்கள் வரை போயாயிற்று. ஒவ்வொரு முறையும் ரூம் பிரிக்கும் வேலை என் தலையில்தான் விழும்.

முதலில் காசுக் கணக்கைப் பார்த்துவிடலாம், ஏனென்றால் இங்கேதான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். கப்பலில் வாடகை ரூமுக்கு இல்லை, தலைக்கு. ஒரு கேபினில் முதல் இருவருக்கு முழுக் கட்டணம். மூன்றாவது, நாலாவது ஆளுக்குக் குறைவு. இதைக் கேட்டதும் "அப்போ நாலு நாலு பேராப் போட்டுடலாம்" என்று தோன்றும். ஒரு பேச்சுக்கு முதல் இருவருக்கு ஆளுக்கு 30,000 ரூபாய், அடுத்த இருவருக்கு ஆளுக்கு 20,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். பதினோரு பேரை மூன்று கேபினில் அடைத்தால் (4, 4, 3) மொத்தம் 2,80,000. நாலு கேபினில் போட்டால் (3, 3, 3, 2) 3,00,000. ஐந்து கேபின் என்றால் 3,20,000. அதாவது ஒரு கேபின் கூடினால் முழுதாக ஒரு ரூம் காசு கூடுவதில்லை. இரண்டு பேர் மலிவுக் கட்டணத்திலிருந்து முழுக் கட்டணத்துக்கு மாறுகிறார்கள், அவ்வளவுதான். பதினோரு பேருக்குப் பிரித்தால் தலைக்கு இரண்டாயிரம்கூட வராது. அதற்கு இன்னொரு பாத்ரூம், இன்னொரு அலமாரி, இன்னொரு கதவு கிடைக்கிறது. சண்டைக்குப் பிறகு கதவு ரொம்ப முக்கியம்.

இந்தக் கணக்கு தலைகீழாகும் ஒரே சமயம், மூன்றாவது நாலாவது ஆளுக்கு இலவசம் என்று சலுகை விடும்போது. அப்போது கேபின் கூட்டினால் இரண்டு முழுக் கட்டணம் கூடும், அடைத்துக்கொள்வதுதான் லாபம். அதனால் "பால்கனி எவ்வளவு, இன்டீரியர் (ஜன்னலில்லாத உள்ரூம்) எவ்வளவு" என்று கேட்பதற்கு முன்னால் "மூணாவது ஆளுக்கு எவ்வளவு" என்று கேளுங்கள். துறைமுகக் கட்டணமும் வரியும் எல்லாத் தலைக்கும் ஒன்றுதான் என்பதால், மொத்தமாகப் பார்க்கும்போது மூன்றாவது ஆளின் தள்ளுபடி விளம்பரத்தில் தெரிவதைவிடச் சுருங்கிவிடும். தனியாள் ஒருவர் ஒரு கேபினை எடுத்தால் பெரும்பாலும் இரண்டு பேர் காசைக் கொடுக்க வேண்டும். ஒற்றைப்படைக் குடும்பங்கள் ஒருவரை மிச்சம் வைக்காமல் பிரிக்க வேண்டும்.

சரி, அந்த மூன்றாவது, நாலாவது படுக்கை எப்படி இருக்கும்? ஒன்று சோபாவை இழுத்துக் கட்டிலாக்குவார்கள், இல்லாவிட்டால் சுவரிலிருந்தோ கூரையிலிருந்தோ அப்பர் பர்த் இறங்கும். 1990இல் கட்டிய எம்ப்ரஸ் போன்ற சின்னக் கப்பலில் இன்டீரியர் கேபின் ஏறக்குறைய 120 சதுர அடி. ராயல் கரீபியன் நிறுவனத்தின் குவாண்டம் வகைப் பெரிய கப்பல்களில் 166 சதுர அடியிலிருந்து ஆரம்பம். இரண்டு பேருக்கு இரண்டுமே தாராளம்தான். நாலு பேர் படுக்கையை விரித்தபிறகு சோபாவின் விளிம்பு அலமாரிக் கதவில் போய் இடிக்கும். உள்ளே இருக்கும் சட்டையை எடுக்க சோபாவில் படுத்திருப்பவரை எழுப்ப வேண்டும். ஏணி ஒருபக்கம் நிற்கும், ராத்திரி பாத்ரூம் போகிறவர் முழங்காலில் கட்டாயம் அது படும். காலையில் கேபின் பையனிடம் சொன்னால் பர்த்தை மேலே மடக்கிவிட்டுப் போவார், பகலுக்கு அது போதும். எங்களுக்கு மூன்று பேர்தான் உச்சவரம்பு. அதிலும் பர்த் ஏறுவது பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளை என்றால் சந்தோஷமாக ஏறும்.

பாத்ரூம் பற்றி யாருமே சொல்ல மாட்டார்கள். பல கப்பல்களில் சாதாரண கேபின் ஷவருக்கு இருப்பது துணித் திரை. குளிக்கும்போது அது முதுகில் வந்து ஒட்டிக்கொள்ளும். வாசலில் ஒரு படி உயரத்துக்கு இரும்புத் தடுப்பு உண்டு, தண்ணீர் வெளியே வராமலிருக்க. மாமியாருக்கு முழங்கால் வலி. பகலில் பார்த்துத் தாண்டிவிடுவார், ராத்திரி தூக்கக் கலக்கத்தில் கால் தடுக்கியது. அதன்பிறகு கைப்பிடியும் தடுப்பில்லாத பாத்ரூமும் உள்ள மாற்றுத்திறனாளி கேபின் கிடைக்குமா என்று முதலிலேயே கேட்கிறோம். எண்ணிக்கை குறைவு, நிஜமாகவே தேவைப்படுகிறவர்கள் முந்திக்கொண்டு கேட்டால்தான் உண்டு. விசாலமாக இருக்கிறதே என்று நல்ல காலுள்ளவர்கள் இதைப் பிடித்துக்கொள்வது எனக்குப் பிடிப்பதில்லை.

இன்டீரியர் கேபினில் ஜன்னல் கிடையாது. விளக்கை அணைத்தால் கண்ணைத் திறந்தாலும் மூடினாலும் ஒன்றுதான். ஒரு பயணத்தில் மாமனார் ராத்திரி இரண்டரை மணிக்கு எழுந்து, விடிந்துவிட்டது என்று முகம் கழுவி, விபூதி பூசி, காபி தேடி மேல் டெக்குக்கு (மேல் தளத்துக்கு) போய்விட்டார். இதற்கு வழி எளிது. டிவியில் கப்பலின் முகப்புக் கேமராவைக் காட்டும் சேனல் ஒன்று பெரும்பாலும் இருக்கும். சத்தத்தைக் குறைத்து அதை ஓடவிட்டால் ராத்திரி விளக்குக்கு விளக்கு, விடிந்தால் திரையும் வெளுக்கும். குவாண்டம் வகையில் சில இன்டீரியர் கேபின்களில் 80 அங்குலத் திரையில் வெளியே தெரியும் கடலை நேரலையாகவே காட்டுகிறார்கள், 'விர்ச்சுவல் பால்கனி' என்று பெயர். பிள்ளைகளுக்கு அதுவே போதும். பெரியவர்கள் கேபினுக்கு மட்டும் ஜன்னல் உள்ள ஓஷன் வியூ போட்டுக்கொள்கிறோம். ஆனால் முன்பதிவு செய்யும்போது 'பார்வை மறைக்கப்பட்டது' என்ற குறிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். விலை குறைவாக இருந்தால் ஜன்னலுக்கு நேரே உயிர்காப்புப் படகு தொங்கிக்கொண்டிருக்கும். வெளிச்சம் வந்தால் போதும் என்பவர்களுக்கு அது நல்ல பேரம்.

பால்கனியும் ஒரு முறை எடுத்துப் பார்த்தோம், ஒரே ஒரு கேபினுக்கு. பதினோரு பேரும் அங்கேயே குவிந்தோம். அந்த ரூமுக்குக் காசு கொடுத்த நாத்தனாரும் அவர் கணவரும் நள்ளிரவு ஒரு மணி வரை படுக்க முடியவில்லை. இரண்டு மூன்று இரவுப் பயணத்துக்கு அது தண்டம் என்பது என் கருத்து. திறந்த டெக்கில் அதே கடல், அதே காற்று, காசில்லாமல்.

விலை குறைந்த கேபின்கள் பெரும்பாலும் கீழ் டெக்கில் இருக்கும். ஆட்டம் மிகக் குறைவாகத் தெரிவதும் கீழ் டெக்கின் நடுப்பகுதியில்தான். மேலே போகப் போக, முனைக்குப் போகப் போக ஆட்டம் கூடும். சென்னையிலிருந்து கப்பல் ஓடுவது பெரும்பாலும் தென்மேற்குப் பருவக்காற்று மாதங்களில்; அரபிக்கடல் அப்போது கொந்தளிக்கும் என்பதால்தான் இந்தப் பக்கம் வருகிறார்கள். வங்காள விரிகுடாவும் அப்போது ஒன்றும் குளம் போலக் கிடக்காது. தலைசுற்றல் உள்ளவர்கள் கூடுதல் காசு கொடுத்து மேலே போய் வாந்தி எடுப்பானேன்?

எந்த ரூம் என்பதை டெக் வரைபடத்தில் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். தலைக்கு மேலே நீச்சல் குளமோ பஃபே ஹாலோ இருந்தால் விடியற்காலை நாற்காலி இழுக்கும் சத்தம் கேட்கும். கீழே தியேட்டரோ டிஸ்கோவோ இருந்தால் நடுராத்திரி வரை தரை அதிரும். முகப்பில் நங்கூரம், பின்னால் இன்ஜின். மேலேயும் கீழேயும் வேறு கேபின்களே இருக்கும் ரூம்தான் அமைதியானது.

'கேரண்டி' கேபின் என்று ஒன்று உண்டு. வகை மட்டும் நீங்கள் சொல்வீர்கள், எண்ணை அவர்கள் பிறகு ஒதுக்குவார்கள். விலை கொஞ்சம் குறையும். தம்பதியாகப் போகிறவர்களுக்கு நல்லது, குடும்பத்துக்கு வேண்டாம். ஒரு ஏஜென்ட் எங்களுக்கு "எல்லாம் பக்கத்துப் பக்கத்துல வந்துடும் மேடம்" என்று வாயால் சொல்லி நாலு கேபினையும் கேரண்டியில் போட்டுவிட்டார். வந்தது மூன்று டெக்கில் நாலு மூலை. சித்தி தன் மாத்திரைப் பெட்டி யார் ரூமில் இருக்கிறது என்று தேடியே பாதிக் கப்பலைப் பார்த்துவிட்டார். பக்கத்து ரூம் என்பதும் உள்கதவால் இணைந்த ரூம் என்பதும் வேறு வேறு என்பதையும் அப்போதுதான் அந்த ஏஜென்ட்டுக்கே நாங்கள் விளக்கினோம். இப்போது கேபின் எண்கள் கையில் வந்த பிறகுதான் பணம் கட்டுகிறோம்.

மூன்று நாலு பேர் ரூம்கள் சீக்கிரம் தீர்ந்துவிடும். கப்பலில் இடம் காலியாக இருந்தும் மூன்றாவது ஆளைச் சேர்க்க முடியாது என்று சொல்வதும் உண்டு. அந்தப் பகுதிக்கு ஒதுக்கிய உயிர்காப்புப் படகில் இத்தனை பேர் என்று வரம்பு இருக்கிறது. அது நிரம்பிவிட்டால் நிரம்பியதுதான், வாதாடிப் பிரயோஜனமில்லை. பெரிய குடும்பம் என்றால் கடைசி நேரத் தள்ளுபடிக்குக் காத்திருக்காதீர்கள்.

ரூம் கிடைத்ததும் யாரை எங்கே போடுவது? தாத்தா பாட்டி ஒரு ரூம், கணவன் மனைவி பிள்ளை ஒரு ரூம் என்று பிரித்தால் யாருக்கும் தூக்கம் வராது. எங்கள் வீட்டில் குறட்டை பரம்பரைச் சொத்து. அதனால் மாமனாரையும் அவர் மகனையும் ஒரே ரூமில் போட்டு, இடி விழுந்தாலும் எழாத என் பையனைக் கூடச் சேர்த்தாயிற்று. நாலரை மணிக்கு எழுந்து சுலோகம் சொல்கிற மாமியாரும் சித்தியும் என் பெண்ணும் ஒரு ரூம். அவள் காதில் எதையாவது மாட்டிக்கொண்டு தூங்குவாள். நானும் நாத்தனாரும் அவர் மகளும் ஒரு ரூம். நாத்தனாரின் கணவரும் மகனும் மிச்ச ரூமில், கிரிக்கெட் பேசிக்கொண்டு. ஒவ்வொரு கேபினிலும் பெரியவர் ஒருவர் பெயர் இருக்க வேண்டும் என்பது பொதுவான விதி, அதுவும் இதில் சரியாகிவிடும். ஏறியதும் வரவேற்பு மேஜையில் கேட்டால் அடுத்த ரூமுக்கும் சாவி அட்டை போட்டுத் தருவார்கள்.

மலிவு ரூம் எடுத்துவிட்டோம் என்ற சந்தோஷத்தில் டிப்ஸை மறந்துவிடாதீர்கள். ராயல் கரீபியனில் 2025இல் சாதாரண கேபின்களுக்கு ஆளுக்கு நாளைக்கு 18.50 டாலராக இருந்தது, குழந்தைக்கும் சேர்த்து. அந்தக் கணக்கில் பதினோரு பேருக்கு நாலு இரவென்றால் 814 டாலர். ரூமில் நாலு பேரை அடைத்தாலும் இதில் ஒரு பைசா குறையாது. போனை ஏறியதும் ஏர்ப்ளேன் மோடில் போடுங்கள். கப்பலின் நெட்வொர்க்கில் சிக்கினால் ரோமிங் பில் தனி.

கொண்டுபோக வேண்டியவை கொஞ்சம்தான். கேபின் சுவர் இரும்பு, அதனால் காந்தக் கொக்கி ஒட்டும். பாரிமுனைக் கடைகளில் ஒரு டஜன் வாங்கி வைத்திருக்கிறேன், துண்டு, தொப்பி, பை எல்லாம் அதில் தொங்கும். கடினமான பெரிய சூட்கேஸைவிடத் துணிப்பைதான் கட்டிலுக்கடியில் போகும். கெட்டில், இஸ்திரிப் பெட்டி, ரைஸ் குக்கர் எதுவும் ஏறாது. தீ ஆபத்து என்று சோதனையில் எடுத்து வைத்துக்கொண்டு இறங்கும்போது தருவார்கள். கைக்குழந்தை ஆறு மாதம் நிறையாவிட்டால் பெரும்பாலான கப்பல்களில் ஏற்ற மாட்டார்கள், கர்ப்பிணிகளுக்கும் வார வரம்பு உண்டு. பெட்டிகளைத் துறைமுகத்திலேயே வாங்கிக்கொள்வார்கள், ரூமுக்கு வரச் சாயங்காலமாகிவிடும். மாத்திரையும் மாற்றுத்துணியும் கைப்பையில் இருக்கட்டும்.

இறங்கும் நாளில் காலையிலேயே ரூமைக் காலி செய்யச் சொல்வார்கள். நாலு பாத்ரூம் இருந்தால் பதினோரு பேர் ஒன்றரை மணி நேரத்தில் கிளம்பிவிடலாம், நாங்களே செய்திருக்கிறோம். பெரிய பெட்டிகளை முந்தின ராத்திரியே கதவுக்கு வெளியே வைத்துவிட வேண்டும். மறுநாள் உடுத்துவதை முதலில் எடுத்து வெளியே வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். எங்கள் நாத்தனார் கணவர் பேன்ட்டையும் சேர்த்துப் பெட்டியில் போட்டுவிட்டு, பெர்முடாஸோடு இமிக்ரேஷன் வரிசையில் நின்றார்.