பழைய கார் வாங்கினால் மாருதி 800-ஆ, மாருதி ஜென்னா?

ஓட்டத்தில் ஜென்தான், சந்தேகமே வேண்டாம். 800-ல் இருப்பது 796 சிசி, மூன்று சிலிண்டர், 37 குதிரைத்திறன், பெரும்பாலும் நான்கு கியர். ஜென்னில் 993 சிசி, நான்கு சிலிண்டர், ஐந்து கியர்; கார்புரேட்டர் வண்டிக்கே 50 குதிரைத்திறன், பின்னால் வந்த, பெட்ரோலை மின்னணு முறையில் தெளிக்கும் எம்பிஎஃப்ஐக்கு 60. நான்கு பேரோடு ஏசியும் போட்டு மேடு ஏறினால் 800 திணறும். ஜென் ஒரு கியர் குறைத்தால் ஏறிவிடும்.

ஆனால் ஜென்னின் உயிர் கூலிங்கில் இருக்கிறது. அதன் இன்ஜினின் உடலான பிளாக், அதன் மேல் உட்காரும் ஹெட் இரண்டும் அலுமினியம். கூலன்டுக்குப் பதில் வெறும் தண்ணீர் ஊற்றி ஓட்டிய வண்டியில் உள்ளே அரித்து ரேடியேட்டர் அடைத்துக்கொள்ளும். ஒருமுறை கொதித்தாலே ஹெட் வளைந்து, இரண்டுக்கும் நடுவே இருக்கும் கேஸ்கெட் போய்விடலாம். 800-ன் இரும்பு பிளாக் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளும்.

வாங்கப் போகும்போது இன்ஜின் ஆறியிருக்கட்டும். ரேடியேட்டர் மூடியைத் திறந்து பாருங்கள். துரு நிறத் தண்ணீர் இருந்தால் உஷார். ஆயில் மூடியின் அடியில் பால் போல ஒட்டியிருந்தால் ஆயிலில் தண்ணீர் கலந்திருக்கலாம், பேரமே பேச வேண்டாம். பிறகு ஸ்டார்ட் செய்து, ஃபேன் தானாகச் சுற்றும்வரை காத்திருங்கள். சாவி போட்டதுமே ஃபேன் சுற்றுகிறதா? நேரடியாக வயர் கொடுத்திருக்கிறார்கள். டெம்பரேச்சர் முள் எழும்பவே இல்லையா? இன்ஜின் சூடேறும்வரை ரேடியேட்டருக்குத் தண்ணீர் போகாமல் தடுக்கும் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்திருக்கலாம். சூட்டை மறைக்க இரண்டுமே பழைய வைத்தியம். தெர்மோஸ்டாட் இல்லாமல் ஓடினால் மைலேஜும் விழும்.

இன்ஜின் வால்வுகளைச் சரியான நேரத்தில் இயக்கும் டைமிங் பெல்ட்டை மாற்றிய பில் இல்லையென்றால், எந்த வண்டியானாலும் பெல்ட், அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர், கேம் மற்றும் கிராங்க் தண்டுகளின் ஆயில் சீல்களைச் சேர்த்தே மாற்றுங்கள். ஒரே கூலியில் முடியும். கார்புரேட்டர் வண்டியில் பழைய பெட்ரோல் ரப்பர் குழாய்களையும் மாற்றிவிடுங்கள். எத்தனால் கலந்த இன்றைய பெட்ரோலுக்கு அவை தாங்காது. ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்து நகர்த்தும்போது டக் டக் என்றால் ஆக்ஸில் ஜாயின்ட் தேய்ந்திருக்கிறது.

துருவில் இரண்டும் ஒரே ஜாதி. மிதியடியைத் தூக்கித் தரையையும், கதவுக்குக் கீழுள்ள ரன்னிங் போர்டையும் தட்டிப் பாருங்கள்; பட்டி போட்டு மூடிய இடத்தில் சத்தம் மந்தமாக வரும். இன்ஜின் வேலையைவிட டிங்கரிங் செலவுதான் பையைக் காலி செய்யும்.

உதிரிப் பாகத்தில் 800 கை ஓங்கியது. ஜென்னுக்கு இன்ஜின் பாகம் கிடைத்தாலும் பம்பர், விளக்கு, கதவு ஓர ரப்பர் பீடிங் தேடி அலைய வேண்டும். ஜென் 2006-லேயே நின்றது, மாருதி 800-ஓ 2014 வரை வந்தது. 15 ஆண்டு தாண்டிய காருக்கு ஆர்சி எனும் பதிவுச் சான்றைப் புதுப்பிக்க 5,000 ரூபாய், 20 தாண்டினால் 10,000. விலை பேசும்போது அதைக் கழித்துக்கொண்டு பேசுங்கள்.