வார்ஃபரின் சாப்பிடற அப்பாவும் மைலோ டின்னுக்குள்ள இருந்த அட்டைப்பொடியும்

சிங்கப்பூர்ல இருக்கற நம்ம ஆளுங்களுக்காக எழுதறேன். கொஞ்சம் நீளமா போகும், இன்னும் கோவம் அடங்கல, பொறுத்துக்கோங்க.

அப்பாவுக்கு 71 வயசு. ரெண்டு வருஷம் முன்னாடி சின்னதா ஒரு ஸ்ட்ரோக். இதயத்துடிப்பு தாறுமாறா இருந்ததால ரத்தம் கட்டியாகி மூளைக்குப் போயிருச்சுன்னு சொன்னாங்க, அதுலேர்ந்து தினமும் வார்ஃபரின், ரத்தம் கட்டியாகாம தடுக்கற மாத்திரை. அப்பப்ப ஐஎன்ஆர் டெஸ்ட், ரத்தம் உறைய எவ்ளோ நேரம் ஆகுதுன்னு பாக்கறது, நம்பர் 2-லேர்ந்து 3-க்குள்ள நிக்கணும், அதுக்கு மேல போனா ரத்தம் கசியற ஆபத்து. கீரை அந்த மாத்திரையோட வேலையக் குறைக்கும்னு வீட்ல அதக் கூட அளவு பாத்து தான் சமைக்கறோம். எல்லாம் சரியா தான் போய்ட்டு இருந்துச்சு, இடது கால் மட்டும் மரத்துப்போன மாதிரி கனமா இருக்குன்னு சொல்லிட்டே இருப்பாரு, பாலிகிளினிக்ல கேட்டா பிசியோ போங்கம்பாங்க, இவர் போக மாட்டாரு.

பக்கத்து வீட்டு சீன ஆன்ட்டி ரொம்ப நல்லவங்க, அவங்க மேல எனக்கு ஒரு வருத்தமும் இல்ல. அவங்க வீட்டுக்காரருக்கு அங்க குடுத்த மருந்து கேட்டுச்சுன்னு அப்பாவ ஒரு மெடிக்கல் ஹாலுக்கு, அதான் சீன மருந்துக்கடைக்கு, கூட்டிட்டு போயிருக்காங்க. அங்க கவுண்டர்ல இருந்த ஆள் நாடி பாத்து, நாக்க நீட்ட சொல்லி, “ஹை பிளட் இருக்கா, மருந்து சாப்பிடறியா”ன்னு கேட்டிருக்கான், அப்பா ஆமான்னு தலையாட்டிருக்காரு. என்ன மருந்துன்னு அவனும் கேக்கல இவரும் சொல்லல. ஒரு ஜிப் பையில பிரவுன் கலர் காப்சூல், காலைல நாலு ராத்திரி நாலு, ஒரு மாச கோர்ஸ் 380 வெள்ளி. பை மேல ஒரு ஸ்டிக்கர் கூட கிடையாது.

எனக்கு தெரிஞ்சா திட்டுவேன்னு இவர் அத பழைய மைலோ டின்னுக்குள்ள ஒளிச்சு வச்சு 24 நாள் சாப்பிட்டிருக்காரு.

ஒரு நாள் காலைல பல்லு விளக்கிட்டு வந்தவரு பேசாம சோஃபால உக்காந்துட்டாரு, நான் பேசின்ல பாத்தா செவப்பா வழிஞ்சு கிடக்கு. சட்டைக் கைய தூக்கிப் பாத்தா முழங்கைக்கு மேல ஊதாவும் பச்சையுமா ஒரு உள்ளங்கை அளவுக்கு. எங்கயும் இடிச்சுக்கலையாம். நேரா ஆஸ்பத்திரி ஏ அண்ட் ஈ, அவசரப் பிரிவு. ஐஎன்ஆர் 6.8. வேற எதாவது மருந்து, நாட்டு மருந்து சாப்பிட்டீங்களான்னு டாக்டர் மூணு தடவ கேட்டாங்க, மூணு தடவயும் “இல்ல டாக்டர்”. வார்ஃபரின நிறுத்தி, வைட்டமின் கே குடுத்து, தலைய ஸ்கேன் பண்ணி, மூணு நாள் வார்டு. ரெண்டாவது நாள் ராத்திரி தான் மெதுவா, “அம்மாடி, அடுப்பு மேல் ஷெல்ஃப்ல ஒரு மைலோ டின் இருக்கும்”னாரு.

அடுத்த நாள் கடைக்குப் போனேன். என்ன இருக்குன்னு கேட்டா ஆல் நேச்சுரல், சைட் எஃபெக்ட் கிடையாதுன்னே சொல்லிட்டு இருந்தான். என்னென்ன சேத்திருக்குன்னு எழுதி குடு, டாக்டர்கிட்ட காட்டணும், இல்லன்னா போலீஸ்க்கு போகட்டுமான்னு குரல உசத்தினதும் தான் ஒரு ரோஸ் கலர் சீட்டுல சீனத்துல ஒன்பது பேரு எழுதி குடுத்தான். ஆபீஸ்ல என் பக்கத்து சீட் பொண்ணு மாண்டரின் நல்லா படிப்பா, அவ கிட்ட குடுத்தேன். “தி லோங்”னு ஒண்ணு, எழுத்த அப்படியே படிச்சா பூமி டிராகன். மண்புழு. “ஷுய் ஜி”ன்னா அட்டை, கால்ல ஒட்டி ரத்தம் குடிக்குமே அந்த இனம். “சுவான் ஷியே” முழுத் தேள். அப்புறம் “வூ லிங் ஜி”. இத பாத்ததும் நான் லிங்ஜி காளான்னு நெனச்சேன், நம்ம ஆளுங்க பாதிப்பேரு காபில கலக்கி குடிக்கறாங்களே அது. இல்லையாம், உச்சரிப்பு தான் ஒண்ணு, எழுத்து வேற, பறக்கும் அணிலோட புழுக்கை. அவளே படிக்கும்போது ஒரு செகண்ட் நிறுத்திட்டு என்ன பாத்தா.

அது புரட்டாசி மாசம். முட்டை சேத்த கேக் கூட வேணாம்னு தள்ளி வச்ச மனுஷன் அட்டை, தேள், அணில் புழுக்கைன்னு நாளைக்கு எட்டு காப்சூல் முழுங்கியிருக்காரு. வீட்ல சொன்னப்ப சிரிப்பும் வந்துச்சு அழுகையும் வந்துச்சு.

ஆஸ்பத்திரி பார்மசிஸ்ட் அந்த சீட்ட பாத்துட்டு சொன்னது தான் முக்கியம். இதுல எது ஐஎன்ஆர ஏத்துச்சுன்னு தனியா பிரிச்சு சொல்ல முடியாது, சீட்டுல டான்ஷென்னு ஒரு வேரும் இருக்கு, அது வார்ஃபரினோட சேந்தா ஐஎன்ஆர் எகிறும்னு நல்லாவே தெரிஞ்ச விஷயம். அதுக்கு மேல அட்டை. அட்டையோட எச்சில்ல ஹிருடின்னு ரத்தத்த உறைய விடாம பண்ற பொருள் இருக்கு, அத வச்சு இங்கிலீஷ் மருந்துலயே ஊசி பண்ணியிருக்காங்க. ஸ்ட்ரோக் வந்தவங்களுக்கு சீன வைத்தியத்துல அட்டை குடுக்கறதே ரத்தம் ஓடணும்னு தான். ஏற்கனவே அதே வேலைய பண்ற மாத்திரை உள்ள போய்ட்டு இருக்குன்னு தெரிஞ்சுக்காம அள்ளி போட்டா என்ன ஆகும். சீன அரசோட மருந்து நூல்லயே அட்டை நாளைக்கு 1-லேர்ந்து 3 கிராம் தான்னு போட்டிருக்கு, கர்ப்பமா இருக்கறவங்களுக்கு கூடாதுன்னும் இருக்கு. இவர் காப்சூல்ல எத்தன கிராம் இருந்துச்சுன்னு அந்த கடைக்காரனுக்கே தெரியாது.

சீன வைத்தியமே மோசம்னு நான் சொல்ல வரல, கமெண்ட்ல சண்டைக்கு வராதீங்க. நம்ம சித்த மருந்துலயும் மான் கொம்பு பற்பம், சங்கு பற்பம் எல்லாம் உண்டு, பிராணி மருந்து நமக்கு ஒண்ணும் புதுசு இல்ல. அப்புறமா ரெஜிஸ்டர் பண்ண ஒரு சின்சேகிட்ட, அதான் சீன வைத்தியர்கிட்ட, இதே சீட்ட காட்டினேன், அவர் மொதல்ல கேட்டதே “வார்ஃபரினா?” அவ்ளோ தான், பேப்பர மடிச்சு திருப்பி குடுத்துட்டாரு, நான் எதுவும் எழுத மாட்டேன்னுட்டாரு. அவர் தான் வைத்தியர். இங்க 2000-லயே சட்டம் போட்டு சீன வைத்தியர்களுக்கு ரெஜிஸ்டர் இருக்கு, பேர போட்டு ஆன்லைன்ல யாரு வேணா தேடலாம், ரெண்டு நிமிஷ வேலை. கடைல ரெடியா விக்கற சீன மாத்திரை காப்சூல்னா சுகாதார அறிவியல் ஆணையத்துல லிஸ்ட் ஆகியிருக்கணும், டப்பால என்ன சேத்திருக்குன்னு இருக்கணும். நான் இத எல்லாம் வார்டுல உக்காந்து தான் தேடினேன்.

பொடி பண்ணதையோ காப்சூல்ல அடைச்சதையோ பேரு எழுதி தராம குடுத்தா வாங்காதீங்க. காய்ஞ்ச சரக்கா குடுத்தாலாவது தேள் தேளா தெரியும். இறால் நண்டு ஒத்துக்காதவங்க இன்னும் உஷாரா கேளுங்க, தேளு பூரான் சிள்வண்டு தோல் எல்லாம் அதே கூட்டம், இறால்ல அலர்ஜி பண்ற அதே மாதிரி புரதம் அதுங்க கிட்டயும் இருக்கு. மூட்டுவலி காப்சூல் ரெண்டே நாள்ல மாயம் பண்ணுச்சுன்னா உள்ள ஸ்டீராய்டு இருக்கான்னு சந்தேகப்படுங்க, அந்த மாதிரி எத்தனையோ தடவ ஆணையம் மருந்து பேரச் சொல்லியே எச்சரிச்சிருக்கு. பச்சையா எதையும் தொடாதீங்க. சீனாவுல குவாங்சோல ஒரு அம்மாவும் பையனும் பச்சைப் பூரான் சாப்பிட்டு எலி நுரையீரல் புழு மூளை வரைக்கும் போன கேஸ் 2018-ல மருத்துவ பத்திரிகைல வந்துச்சு. மார்க்கெட்ல கெண்டை மீன் பித்தப்பைய கண்ணுக்கு நல்லதுன்னு சும்மா தருவாங்க, அது கிட்னியையும் கல்லீரலையும் சேத்து காலி பண்ணும்.

ஊருக்கு லீவுல போறவங்க கடல்குதிரை, கஸ்தூரி, கரடிப் பித்தம்னு பெட்டில வச்சு தூக்கிட்டு போகாதீங்க, இந்தியால வனவிலங்கு சட்டத்துல மாட்டுவீங்க. எறும்புத்தின்னி ஓட்ட சீனாவே 2020-ல மருந்து நூல்லேர்ந்து எடுத்துருச்சு, இன்னும் “ஸ்பெஷல்”னு எடுத்து காட்டினா அந்தக் கடைய விட்டு வெளிய வந்துருங்க.

380 வெள்ளி என்னாச்சுன்னு கேப்பீங்க. பணம் திருப்பித் தர முடியாது, வேணும்னா அதே விலைக்கு மான் கொம்பு எடுத்துக்கோன்னான். ஆணையத்துக்கு எழுதி போட்டிருக்கேன், மிச்சம் இருக்கற காப்சூல் சீட்டோட சேத்து டேப் ஒட்டி பீரோல இருக்கு. அப்பா வீட்டுக்கு வந்துட்டாரு, போன வாரம் ஐஎன்ஆர் 2.4. நேத்து லிஃப்ட்ல ஆன்ட்டிய பாத்தப்ப, நான் பக்கத்துல நிக்கறேன்னு கூட பாக்காம, “ஆனா ஆன்ட்டி, கால் நல்லா லேசா தான் இருந்துச்சு”ங்கறாரு.