கோப்பி மண்டியும் மாட்டெருவும்: கல்லடி மணலில் நாலு வருச ரோசா அனுபவம்

முதலே சொல்லிவிடுகிறேன்: என் ரோசாக்களை வளர்த்தது மாட்டெருதான். கோப்பி மண்டி எடுபிடி வேலைக்கு வந்த ஆள். மண்டியைப் பெரிதாகப் புகழ்கிறவர்களின் மண் எப்படிப்பட்டதோ, எனக்கு வாய்த்தது மட்டக்களப்பில் வாவிக்கும் கடலுக்கும் நடுவே கிடக்கிற கல்லடி ஊரின் மணல். காலையில் ஊற்றிய தண்ணீர் பத்து மணிக்குள் எங்கே போனதென்று தெரியாது. போட்ட உரமும் அதோடு சேர்ந்து இறங்கிவிடும்.

இந்த வேலை தொடங்கியது ஆசையால் இல்லை. 2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதியை இலங்கை அரசு நிறுத்தியது. வயல்காரர் பட்ட பாட்டோடு பார்த்தால் என் பன்னிரண்டு ரோசாக் கண்டு ஒரு பேச்சே இல்லை. ஆனால் கடையில் வாங்குகிற சின்ன உரப் பக்கெற்றும் இல்லாமல் போனது. நவம்பரில் தடையை எடுத்தார்கள், விலை மட்டும் இறங்கவில்லை. அதற்குள் நான் எருவுக்குப் பழகிவிட்டேன்.

எரு வாவிக்கு மேற்கே இருக்கிற படுவான்கரையில் இருந்து வந்தது. வயல் வேலைக்குப் போய்வருகிற தெரிந்த ஒருவரின் லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தில், ஒரு மாட்டுப்பட்டியில் அள்ளிய ஆறு உரப்பைச் சாணி. பட்டிக்காரர் அன்றே சொன்னார்: "தம்பி, பச்சச் சாணியப் போட்டுராதீங்க, சூடு. ஆறப்போட்டு மறுகா போடுங்க." நான் படித்தவன் அல்லவா, கேட்பேனா? அடுத்த நாளே ஒவ்வொரு கண்டுக்கும் ஒரு வாளி. பத்து நாளில் இலையோரம் தீய்ந்த மாதிரிக் கருகியது. இரண்டு கண்டு போயே போய்விட்டன. பச்சைச் சாணியில் இருக்கிற உப்பும், அது உக்கும்போது வருகிற அமோனியாவும் வேரைச் சுட்டுவிடும். கோழி எரு இதைவிட மோசம். ஆட்டுப் புழுக்கை கொஞ்சம் பொறுமையான சாமான் என்றாலும், அதையும் உக்கவிட்டே போடுகிறேன்.

மறுகா குவியல் போட்டேன், அதையும் முதலில் தென்னைக்குப் பக்கத்தில். மூன்றாம் மாதம் கிளறினால் பெருவிரல் மொத்தத்தில் வெள்ளைப் புழுக்கள் சுருண்டு கிடக்கின்றன. தென்னங்குருத்தைத் துளைக்கிற காண்டாமிருக வண்டு முட்டையிட்டு வளர்வது சாணிக் குவியலிலும் உக்கிய தென்னங்குற்றியிலும்தான். ரோசாவுக்குச் சோறு சமைக்கப் போய்த் தென்னைக்கு எமனை வளர்த்திருக்கிறேன். ஒரு பூச்சாடியில் இருந்த கண்டு தொட்டவுடன் ஆடியது. வேர் பாதியைக் காணவில்லை, உள்ளே வேறொரு சின்ன இனப் புழு. இப்போது குவியல் வளவின் மறு மூலையில், முருங்கைக்குக் கீழே. இரண்டு கிழமைக்கு ஒருக்கா புரட்டும்போது அயல்வீட்டுக் கோழிகள் தாமாகவே வந்துவிடும், கூலி இல்லாத ஆட்கள்.

இனிக் கோப்பி. 2022 தொடக்கத்தில் என் மருமகனுக்குப் பாசிக்குடாவில் ஒரு ஹோட்டல் சமையலறையில் வேலை கிடைத்தது. வெள்ளைக்காரருக்கு மெஷினில் கோப்பி பிழிகிற இடம், சக்கை வாளி வாளியாக எறிபடும். லீவில் வரும்போதெல்லாம் ஐந்து கிலோ வாளி ஒன்றைத் தூக்கிவந்தான். எரிபொருள் இல்லாத காலத்தில் பஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொண்டு வந்ததைச் சொல்லிக்காட்டாத நாள் இல்லை.

நான் அதைக் கண்டைச் சுற்றி அரை அங்குலத்துக்குப் பரப்பினேன். வீட்டு வாசல் முழுக்கக் கோப்பி வாசம், மாமிக்குச் சந்தோசம். மூன்றாம் நாள் அது காய்ந்து ஓடு மாதிரி இறுகிவிட்டது. தூள் அவ்வளவு நைசு. ஊற்றிய தண்ணீர் கீழே இறங்காமல் பக்கத்தால் வழிந்து ஓடியது. நிழலில் நின்ற கண்டின் அடியில் வெள்ளைப் பூஞ்சணம் பஞ்சு போலப் படர்ந்தது. அது செடிக்குக் கெடுதல் செய்யவில்லை, பார்க்கத்தான் அருவருப்பு. வீட்டுக் கோப்பி மண்டியைப் போட்ட இடத்தில் எறும்பு. நம்மவர்கள் சீனியோடு கலக்கிக் குடித்துவிட்டு அடிமண்டியைக் கொட்டினால் எறும்பு வராமல் என்ன செய்யும்?

இன்னொரு நம்பிக்கையும் உடைந்தது. ரோசாவுக்குச் சற்றே புளித்த மண் பிடிக்கும், கோப்பி புளிப்பு, ஆகவே போடு என்பார்கள். புளிப்பில் பெரும்பகுதி நீங்கள் குடித்த கோப்பையோடு போய்விடுகிறது. வடித்த சக்கையில் மிஞ்சுகிற புளிப்பு ஒரே அளவில் இருக்காது, மண்ணைப் புளிக்கவைக்க அதை நம்ப முடியாது. நைதரசன் ஏறத்தாழ 2 வீதம் உண்டு, ஆனால் உக்கினால்தான் வேருக்குக் கிடைக்கும். பொஸ்பரஸும் பொட்டாசியமும் சொற்பம். பூவுக்கு வேண்டியது அவையுந்தான். சக்கையில் மிச்சமிருக்கிற கஃபீன் முளைக்கிற விதையையும் இளம் வேரையும் அடக்கிவைக்கும். அதனால் பதியம் வைத்த குச்சிக்குக் கிட்டவும் கொண்டுபோவதில்லை. வீட்டில் நாய் இருந்தால் வாளியை மூடிவையுங்கள், கஃபீன் நாய்க்கு நஞ்சு.

2023இல் மூன்று மூன்று கண்டாகப் பிரித்துப் பார்த்தேன். முதல் வரிசைக்கு ஆறிய எரு மட்டும். இரண்டாவதற்கு மண்டி மட்டும், இந்த முறை மெல்லிசாகத் தூவி மண்ணோடு கிளறி. மூன்றாவதற்கு இரண்டையும் சருகோடு உக்கவைத்த கலவை. மண்டி வரிசை பச்சையாகத்தான் நின்றது, ஆனால் மொட்டுக் குறைவு. எரு வரிசையும் கலவை வரிசையும் தோளுக்குத் தோள். கலவை வரிசை மண் மட்டும் கொஞ்சம் கூடுதல் நேரம் ஈரம் பிடித்தது, மண்புழுவும் அங்கேதான் அதிகம். மூன்று கண்டை வைத்து ஆராய்ச்சி என்று சொல்ல மாட்டேன், என் வளவுக்கு அது போதும்.

இன்றைக்கு என் கணக்கு: இரண்டு வாளி சாணி, இரண்டு வாளி காய்ந்த சருகு, மண்டி ஒரு வாளிக்கு மேலே இல்லை. நாலு மாதம் உக்கவேண்டும். கையில் எடுத்தால் சாணி நாற்றம் இல்லாமல் மழை மண் மணம் வந்தால் சரி. மூன்று மாதத்துக்கு ஒருக்கா கண்டுக்கு அரை வாளி, தண்டிலிருந்து ஒரு சாண் தள்ளி. மேலே தென்னம் மட்டை அடுக்கிவிடுவேன். கச்சான் என்கிற சூடான காற்று வீசுகிற ஆனி ஆடியில் அந்த மட்டை இல்லாவிட்டால் எரு போட்டும் பிரயோசனம் இல்லை. அந்தச் சூட்டில் இலைக்கு அடியில் சிவப்புச் சிலந்தி வரும். அதற்கு எருவும் மருந்தில்லை, கோப்பியும் மருந்தில்லை. இலையின் அடிப்பக்கத்தில் தண்ணீரை வேகமாக அடிப்பதுதான் நான் செய்வது.

மாரி தொடங்கினால் எருவை நிறுத்திவிடுவேன். அந்த நேரம் தளதளவென்று வருகிற தளிரில்தான் கரும்புள்ளி ஏறுகிறது. 2024 நவம்பர் வெள்ளத்தில் வளவில் மூன்று நாள் தண்ணீர் நின்றது. மலைநாட்டில் இருந்து வந்த ஒட்டு ரோசாவில் இரண்டு அழுகின. பன்னீர் ரோசாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. பாதிக் குவியல் மிதந்து போனது, அதில் எவ்வளவு கிணற்றுக்குள் போயிருக்கும் என்று நினைத்தால்தான் வயிற்றைக் கலக்கியது. மணல் நிலத்தில் கிணறு ஆழமில்லை, மேலே கொட்டுவது கீழே போகும். கிணற்றை இறைத்துக் குளோரின் போட்டோம். குவியலுக்கு இப்போது நிலத்திலிருந்து ஒரு கல் உயரத்தில் மேடை.

கையுறை இல்லாமல் இந்த வேலை வேண்டாம். சாணியிலும் மண்ணிலும் ஏற்பு வலிக் (டெட்டனஸ்) கிருமி இருக்கும், ரோசா முள் அதை உள்ளே கொண்டுபோய் விடுகிற ஊசி. ஒருக்கா முள் ஆழமாகக் குத்தி, ஏற்பூசி கடைசியாக எப்போது போட்டேன் என்று யோசித்துக்கொண்டே ஆஸ்பத்திரி வாங்கில் இருந்தேன்.

இந்த வருசம் மருமகன் கட்டாருக்குப் போய்விட்டான், கோப்பி வாளியும் நின்றுவிட்டது. ஐந்து மாதமாகக் கலவையில் மண்டி இல்லை, பூவில் ஒரு வித்தியாசமும் காணவில்லை. சந்தித் தேநீர்க்கடையில் ஒரு வாளி வைத்திருக்கிறேன். தேயிலைச் சக்கையிலும் நைதரசன் கோப்பியைவிடக் குறைவில்லை, அதுவும் தினமும் கிடைக்கும். சாயம் வடித்த சக்கையை மட்டும் போடுங்கள், கோப்பையில் மிஞ்சுகிற பாலும் சீனியும் வேண்டாம் என்று கடைக்காரரிடம் சொல்லியிருக்கிறேன். "ரோசாவுக்கும் சீனி வருத்தமா அண்ணே?" என்று கேட்டுவிட்டு வாளியைத் தண்ணீர்த் தாங்கிக்குப் பின்னால் தள்ளிவைத்தார்.