டர்க்கி ரெட் அடிக்க எது தோது: கல் உருளையா, கதிரடிக்கும் எந்திரமா?

1874-இல் அன்றைய தென் ரஷ்யாவின் மொலோச்னா குடியிருப்புகளிலிருந்து அமெரிக்காவின் கான்சாஸுக்கு வந்த, மெனனைட் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த உழவர்கள் விதைத்தது டர்க்கி ரெட் என்ற குளிர்காலக் கோதுமை. அதை அடிக்க, ஊரில் பழகிய பல் வைத்த உருளையையே அங்கே கிடைத்த சுண்ணாம்புக் கல்லில் கொத்திக்கொண்டார்கள். சில ஆண்டுகளிலேயே எந்திரம் வந்து கல்லை ஓரங்கட்டிவிட்டது. கான்சாஸின் வடக்கு நியூட்டனில் உள்ள மெனனைட் கல்லூரியான பெத்தேலின் விளையாட்டு அணிகளுக்கு இன்றும் ‘திரெஷர்ஸ்’ (கதிரடிப்பவர்கள்) என்றுதான் பெயர்; கதிரடிப்புக்கு உள்ள மரியாதை மட்டும் போகவில்லை.

அரை ஏக்கர், ஒரு ஏக்கர் என்று விதைக்காக டர்க்கி ரெட் போடுகிறவர் கல்லைத்தான் எடுக்க வேண்டும் என்பது என் கட்சி. வேகத்தில் எந்திரம் ஜெயிக்கும், அதில் பேச்சே இல்லை. பதரையும் அதுவே பிரித்துவிடும். கல்லில் அடித்தால் தூற்றுவது தனி வேலை.

தீர்ப்பைச் சொல்வது விதைக் கலப்பு. எந்திரத்தில் மணி ஒளிந்துகொள்ள இடம் ஏராளம்: சல்லடைக்கு அடியில், திருகுக் குழாயில், மணியை மேலே தூக்கும் பெட்டியின் அடிவாயில். முன்பு அடித்த குட்டை ரகக் கோதுமை ஒரு கைப்பிடி தங்கினாலும் போதும், அடுத்த பருவத்தில் டர்க்கி ரெட்டின் நெட்டைத் தாள்களுக்கு நடுவே குட்டைக் கதிர்கள் தலைகாட்டும். சல்லடையைக் கழற்றி, காற்றடித்து, வெறுமனே ஓட்டி, முதலில் விழும் சில கிலோவை விதைக்கு எடுக்காமல் ஒதுக்கினால்தான் ஓரளவு நம்பலாம். கல்லில் இந்தப் பாடு கிடையாது. பற்களுக்கு இடையே உள்ள பள்ளங்களைத் துடைப்பத்தால் பெருக்கினால் வேலை முடிந்தது. களத்து வெடிப்பில் மணி தங்கும் என்பது உண்மைதான். அதனால்தான் ஒவ்வொரு பருவமும் களிமண்ணை நனைத்து, பதர் தூவி, உருட்டி இறுக்கிக் களத்தைப் புதுப்பிக்க வேண்டும்.

கல்லின் அளவு சுமார் இரண்டடி விட்டம், இரண்டரை அடி நீளம், எடை ஏறக்குறைய 350 கிலோ, பற்கள் ஏழெட்டு. இரு முனையிலும் இரும்பு முளை, சுற்றி மரச்சட்டம், இழுக்கக் குதிரை. கதிர்க்கட்டை அவிழ்த்துத் தாளை வட்டமாக ஓரடி கனத்துக்குப் பரப்பி, வெயில் ஏறிய பிறகு ஓட்டவேண்டும். ஒவ்வொரு பல்லும் ‘தொப் தொப்’ என்று விழும்போதுதான் மணி உதிரும். பரப்பு மெலிந்தால் மணி நசுங்கும். கனத்தால் அடித்தாளில் கதிர் அப்படியே நிற்கும். சுற்று முடிந்ததும் கவைக்கோலால் புரட்டிப் போட்டு மறுபடி ஓட்டவேண்டும். குதிரை நடந்தால் போதும்; ஓட விட்டால் கல் உருளாமல் தாளை இழுத்துக்கொண்டு போகும். பல் விளிம்பு கூராக இருந்தால் மணி உடையும், மழுக்கிவிடுங்கள். பனிக்காலத்தில் கல்லைத் திறந்தவெளியில் விடாதீர்கள். பள்ளத்து ஈரம் உறைந்தால் சில்லு பெயரும். மரக்கட்டை மேல் ஏற்றிக் கூரைக்குள் வையுங்கள்.

முள் பதித்த உருளை சுழன்று கதிரை அடிக்கும் பழைய எந்திரம் வைத்திருப்பவருக்கு வேறு கவலை. நிமிடத்துக்கு ஆயிரம் சுற்றை ஒட்டி ஓடும் உருளை அதற்கு மேல் போனால் மணி விரியும், முளைப்புக் குறையும். கீழே போனால் கதிரிலேயே மணி தங்கும். டர்க்கி ரெட்டின் நெட்டைத் தாள் ஈரமாக இருந்தால் உருளையில் சுற்றிக்கொள்ளும். அதை எடுக்க, பெல்ட்டைக் கழற்றும் முன் கையை உள்ளே விடவே கூடாது.

மாவுக்குத்தான் என்றால் என் சாய்வு குறைகிறது. களத்து மண்ணும் குதிரைச் சாணமும் மணியோடு கலக்கும், கல் பொறுக்கிச் சலிப்பது தலைவலி. கான்சாஸில் அறுவடை ஜூன் கடைசி, ஜூலை. அப்போது திடீர் இடிமழை சகஜம். களம் நனைந்தால் அன்றைய அடிப்பு போச்சு. விதைத்த நிலம் பெருகியதும் அந்த மெனனைட் உழவர்கள் எந்திரத்துக்குப் போனது சரியான கணக்குதான்.

விதைப் பயிர் மூன்று ஏக்கரைத் தாண்டினால் எந்திரத்தையே எடுங்கள். ஆனால் வேறு ரகம் ஏறாத எந்திரமாக, டர்க்கி ரெட்டுக்கென்றே ஒதுக்கி வையுங்கள். இரண்டிலும் மூட்டை கட்டும் முன் ஈரம் 13 சதவீதத்துக்குக் கீழே இறங்கியிருக்க வேண்டும்.