தேக்காவா, சைனாடவுனா, கம்போங் கிளாமா? சிங்கப்பூர் நகர மையத்தில் எங்கே, எப்போது சாப்பிடுவது

தமிழ்நாட்டிலிருந்து சிங்கப்பூருக்கு வருகிறவர்களில் பலர் மூன்று வேளையும் லிட்டில் இந்தியாவின் சிராங்கூன் சாலையிலேயே சாப்பிட்டுவிட்டு ஊர் திரும்புகிறார்கள். காலையில் தோசை, மதியம் வாழை இலைச் சாப்பாடு, இரவு பரோட்டா. எல்லாம் நன்றாகவே இருக்கும். ஆனால் லிட்டில் இந்தியாவிலிருந்து சைனாடவுன் ரயிலில் மூன்றே நிறுத்தம். அங்கே உலகின் பல மூலைகளிலிருந்தும் வந்தவர்கள் ஒரு தட்டுக் கோழிச்சோற்றுக்காக வரிசையில் நிற்கிறார்கள். அதைப் பார்க்காமலே விமானம் ஏறுவது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது. இந்த ஊரிலேயே பல வருடங்களாக வேலை பார்த்தும் ஒரே காப்பிக்கடையைத் தாண்டாதவர்களும் இருக்கிறார்கள். அவர்களையும் மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன்.

என் கட்சி இதுதான்: நட்சத்திரத்தையும் தரவரிசையையும் பார்த்து இடம் தேடுவதைவிட, கடிகாரத்தைப் பார்த்துத் தேடுங்கள். நகர மையத்தின் ஒவ்வொரு வட்டாரத்துக்கும் ஒரு நேரம் இருக்கிறது. அந்த நேரம் தவறினால் புகழ்பெற்ற கடையும் மூடிய கதவைத்தான் காட்டும், அல்லது ஆறிய சோற்றைத் தரும்.

வட்டாரங்களுக்குள் போகும் முன் பணக் கணக்கு. உணவங்காடி நிலையத்தில், அதாவது பல சிறு கடைகள் ஒரே கூரையின்கீழ் இருக்கும் ஹாக்கர் சென்டரில், பலகையில் என்ன விலையோ அதுதான் விலை. ஒரு தட்டு உணவு பெரும்பாலும் நான்கிலிருந்து எட்டு வெள்ளிக்குள் (சிங்கப்பூர் டாலர்) முடிந்துவிடும். குளிரூட்டப்பட்ட உணவகங்கள் பலவற்றில் பட்டியல் விலைக்கு மேல் 10 விழுக்காடு சேவைக் கட்டணம், அந்தக் கூட்டுத்தொகைக்கு மேல் 9 விழுக்காடு பொருள் சேவை வரி. பட்டியலில் 30 வெள்ளி என்று பார்த்த உணவுக்கு நீங்கள் கொடுப்பது 35 வெள்ளி 97 காசு. குடும்பமாகப் போகிறவர்களுக்கு இந்த வித்தியாசம் சிறியதில்லை. உணவகம் கூடாது என்பதற்காக இதைச் சொல்லவில்லை. உணவகத்துக்குப் போக வேண்டிய வேளை எது என்பதை வீட்டிலேயே முடிவுசெய்துகொள்ளலாம்.

காலை: தேக்கா

லிட்டில் இந்தியாவில் இருக்கும் தேக்கா நிலையத்துக்குக் காலையில் போக வேண்டும். 1982-இல் திறக்கப்பட்ட இந்தக் கட்டடத்தின் தரைத்தளத்தில் ஒரு பக்கம் ஈரச்சந்தை, மறு பக்கம் சாப்பாட்டுக் கடைகள். மீனும் கறிவேப்பிலையும் வாங்க வந்தவர்கள் பையைக் காலடியில் வைத்துவிட்டு தோசைக்கும் அப்பத்துக்கும் பரோட்டாவுக்கும் உட்கார்ந்திருப்பார்கள். இங்கே பரோட்டா நம் ஊரில் கிடைப்பதைவிடச் சற்று மெலிதாக, வெளியே மொறுமொறுப்பாக இருக்கும். தொட்டுக்கொள்ள மீன் குழம்பு அல்லது பருப்பு. சர்க்கரை தொட்டுச் சாப்பிடும் வழக்கமும் இந்த ஊரில் உண்டு. குழந்தைகளுக்கு அது பிடித்துப்போகும்.

பிரியாணிக்கு, மிஷ்லின் உணவகக் கையேட்டின் பிப் குர்மான் பட்டியலில் (மிதமான விலையில் நல்ல உணவு தரும் கடைகளின் பட்டியல்) இடம்பெற்ற அல்லாவுதீன் பிரியாணி இங்கேதான் இருக்கிறது. மதியத்துக்குச் சற்று முன்னதாகப் போய்விடுவது நல்லது. தமிழர்கள் பெரும்பாலும் கவனிக்காத ஒன்றும் இருக்கிறது. இந்த நிலையத்தின் சீனக் கடைகளும் சோடை போனவை அல்ல. 545 வாம்போ இறால் நூடுல்ஸ் அதே பிப் குர்மான் பட்டியலில் இடம்பெற்ற கடை. சீன உணவை முதன்முதலாகச் சாப்பிட்டுப் பார்க்கத் தயங்கும் பெரியவர்களுக்கு, சுற்றிலும் தமிழ் கேட்கும் இந்த இடத்தைவிடப் பொருத்தமான இடம் கிடையாது.

ஞாயிறு மாலையில் மட்டும் தேக்காவைத் தவிர்த்துவிடலாம். வாரம் முழுவதும் உழைத்த வெளிநாட்டு ஊழியர்கள் நண்பர்களைச் சந்திக்கவும் சாமான் வாங்கவும் கூடும் நேரம் அது. அது அவர்களுடைய ஓய்வுப் பொழுது. உட்கார இடம் தேடி நாமும் போய் நெருக்கடியைக் கூட்ட வேண்டாம்.

தேக்காவுக்கு எதிர்ப்போட்டி, அடுத்த தெருக்களில் இருக்கும் உணவகங்கள். சைவத்துக்கு 1924-இல் தொடங்கிய ஆனந்த பவனும் 1947-இல் தொடங்கிய கோமள விலாஸும் இருக்கின்றன. இரவில் நிதானமாக உட்கார்ந்து சாப்பிட நினைக்கும் சைவர்கள் அங்கே போகலாம். அசைவத்துக்கு ரேஸ் கோர்ஸ் ரோடு. 1969-இல் தொடங்கிய முத்தூஸ் கறி, 1974-இல் தொடங்கிய பனானா லீஃப் அப்பல்லோ ஆகிய இரண்டும் அந்தத் தெருவில்தான், மீன் தலைக் கறிக்காகவே பெயர் பெற்று நிற்கின்றன. கேரளத்தைச் சேர்ந்த எம்.ஜே. கோமஸ் 1949-இல் சோஃபியா ரோட்டில் இருந்த தம் கடையில் இந்தக் கறியை அறிமுகப்படுத்தினார் என்பது பரவலாக ஏற்கப்பட்ட வரலாறு. மீன் தலையைச் சீனர்கள் விரும்பி உண்பதைக் கவனித்து, அதை நம் புளிக்குழம்பில் இறக்கினார். இரண்டு சமூகங்களின் நாக்கும் ஒரே சட்டியில் சந்தித்தது இப்படித்தான்.

இதைத் தனி ஆளாகப் போய்க் கேட்கக் கூடாது. மூன்று நான்கு பேர் சேர்ந்து சாப்பிடும் சட்டி அது. வெண்டைக்காய், கத்தரிக்காய், சில இடங்களில் அன்னாசித் துண்டுகூடப் புளிக்குழம்பில் மிதக்கும். கன்னத்துச் சதைதான் உயிர். கண்ணுக்குக் கீழே கரண்டி முனையை விட்டு நெம்பினால் முழுத் துண்டாகப் பெயர்ந்து வரும், முள் இருக்காது. அதைக் குழுவில் மூத்தவருக்கு வைத்துவிட்டு மற்றவர்கள் தொடங்கலாம். முன்பு சொன்ன சேவைக் கட்டணத்தையும் வரியையும் கொடுத்துச் சாப்பிட ஒரே ஒரு வேளைதான் உண்டு என்றால், நான் அதை இங்கேதான் செலவிடுவேன். வெயிலில் அலைந்து களைத்த பெற்றோருக்குக் குளிரூட்டப்பட்ட கூடமும் கிடைக்கும்.

நண்பகல்: மூன்று நிலையங்களின் போட்டி

உண்மையான போட்டி சைனாடவுன் பக்கம்தான் நடக்கிறது. ஒன்றிலிருந்து ஒன்றுக்கு நடந்தே போகக்கூடிய தொலைவில் மூன்று உணவங்காடி நிலையங்கள்: மேக்ஸ்வெல், சைனாடவுன் காம்ப்ளெக்ஸ், அமோய் ஸ்ட்ரீட்.

மேக்ஸ்வெல்லுக்கு வழி எளிது. சவுத் பிரிட்ஜ் ரோட்டில் 1827-இல் தோன்றிய ஸ்ரீ மாரியம்மன் கோயிலில் கும்பிட்டுவிட்டு அதே சாலையில் சில நிமிடம் நடந்தால் வந்துவிடும். 2022 நவம்பரில் திறக்கப்பட்ட மேக்ஸ்வெல் ரயில் நிலையமும் எதிரிலேயே இருக்கிறது. இங்கே எல்லோரும் தேடி வருவது தியான் தியான் கோழிச்சோறு. அமெரிக்கச் சமையல்காரரும் தொலைக்காட்சிப் பயண நிகழ்ச்சியாளருமான ஆந்தனி போர்டெய்ன் புகழ்ந்த பிறகு வரிசை குறையவே இல்லை. அதே நிலையத்தில், தியான் தியானில் சமைத்துக்கொண்டிருந்தவர் பிரிந்து வந்து தொடங்கிய ஆ தாய் என்ற கடையும் உண்டு. வரிசை அங்கே பெரும்பாலும் சிறிது. வேறுபாட்டைக் கண்டுபிடிக்கும் கூர்மையான நாக்கு உள்ளவர்கள் இரண்டிலும் ஒவ்வொரு தட்டு வாங்கிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சாப்பிட்டுப் பார்க்கலாம். இரண்டுக்கும் சேர்த்தே உணவகத்தின் ஒரு தட்டு விலை ஆகாது.

கோழிச்சோற்றைப் பார்த்ததும் நம்மவர்கள் ஏமாந்துவிடுவார்கள். வெள்ளைச் சோறு, வெளிறிய கோழி, மசாலா இல்லை. கோழியில் தேடினால் கிடைக்காது, சோற்றில் தேட வேண்டும். கோழி வெந்த சாற்றில் இஞ்சி, பூண்டு, பாண்டான் இலை போட்டு வடித்த சோறு அது. ஒரு பிடியை எதுவும் தொடாமல் வெறுமனே மென்று பாருங்கள். கோழியைக் கொதிக்காத வெந்நீரில் மெதுவாக வேகவைத்து, உடனே குளிர்ந்த நீரில் முக்குவதால் தோலுக்கும் சதைக்கும் நடுவே மெல்லிய கூழ் போல ஒரு படலம் உறைந்திருக்கும். அதை எடுத்து எறிந்துவிடாதீர்கள். காரம் வேண்டுமென்றால் எலுமிச்சை பிழிந்த மிளகாய்ச் சாறு பக்கத்திலேயே இருக்கிறது.

சைனாடவுன் காம்ப்ளெக்ஸ் வேறு உலகம். இரண்டாம் தளத்தில் 200-க்கும் மேற்பட்ட கடைகள், இந்த ஊரின் மிகப் பெரிய உணவங்காடி நிலையம். இங்கே ஒரு கடைக்கு 2016-இல் மிஷ்லின் நட்சத்திரம் கிடைத்தது. சோயா சாஸ் கோழி விற்ற ஹாக்கர் சான்தான் அது. உலகிலேயே மலிவான நட்சத்திர உணவு என்று செய்தியானது. 2021-இல் நட்சத்திரம் போய்விட்டது. அந்தப் பெயரை மட்டும் தேடி வந்து திரும்புகிறவர்கள், சுற்றியிருக்கும் இருநூறு கடைகளையும் தவறவிடுகிறார்கள். நான் பரிந்துரைப்பது லியான் ஹ பென் ஜி கடையின் மண்சட்டிச் சோறு. கரியடுப்பில் சட்டி சட்டியாக வேகும். அரை மணி நேரமோ அதற்கு மேலோ காத்திருக்க நேரும். சட்டியின் அடியில் பிடித்த காந்தலைச் சுரண்டித் தின்னும்போது, ஏன் காத்திருந்தோம் என்பது விளங்கும். அதில் பன்றி இறைச்சித் தொத்திறைச்சி கலந்திருக்கும். வேண்டாதவர்கள் முதலிலேயே கேட்டுக்கொள்ள வேண்டும்.

அமோய் ஸ்ட்ரீட் சுற்றுலாப் பயணிகளின் வரைபடத்தில் கொஞ்சம் மங்கலாகத் தெரியும். அலுவலக ஊழியர்கள் இதைத்தான் நம்புகிறார்கள். இரண்டு தளங்கள். பழைய கடைக்காரர்களுக்கு நடுவே ஹோட்டல் சமையலறைகளில் பயிற்சி பெற்ற இளைஞர்களும் கடை போட்டிருக்கிறார்கள். பதினொன்றேகால் மணிக்குப் போனால் உட்கார இடமும் வேண்டிய உணவும் கிடைக்கும். பன்னிரண்டரைக்குப் போனால் இரண்டும் சந்தேகம். மூன்று மணிக்குப் பிறகு பெரும்பாலான கடைகளில் விளக்கு அணைந்திருக்கும், வார இறுதியிலும் அப்படியே. சாப்பிட்ட பிறகு பக்கத்தில் தெலுக் ஆயர் ஸ்ட்ரீட்டில் நடந்தால், 19-ஆம் நூற்றாண்டில் தமிழ் முஸ்லிம்கள் எழுப்பிய நாகூர் தர்காவும் அல் அப்ரார் பள்ளிவாசலும் வரும்.

மூன்றில் ஒன்று என்று கேட்டால்: வேலை நாளில் அமோய், முதல்முறை வருகிறவருக்கு மேக்ஸ்வெல், நேரமும் பொறுமையும் உள்ளவருக்குச் சைனாடவுன் காம்ப்ளெக்ஸ். சுவைக்கு மட்டும் மதிப்பெண் போடச் சொன்னால் தயங்காமல் காம்ப்ளெக்ஸுக்கே கொடுப்பேன். அங்கே மிகுந்த வயதான கைகள் சமைக்கின்றன. அந்தக் கடைகளில் பலவற்றை எடுத்து நடத்த அடுத்த தலைமுறை வரவில்லை. 2020 டிசம்பரில் யுனெஸ்கோ இந்த அங்காடி உணவுப் பண்பாட்டை மரபுப் பட்டியலில் சேர்த்தது, மகிழ்ச்சிதான். ஆனால் கடை திறந்திருக்கும்போது போய்ச் சாப்பிடுகிற ஆள்தான் அந்தப் பெரியவருக்கு வேண்டும்.

இரவு: லாவ் பா சாட்டா, கம்போங் கிளாமா

லாவ் பா சாட் என்ற உணவங்காடி நிலையத்தின் அழகை மறுக்க முடியாது. 1894-இல் ஜேம்ஸ் மெக்ரிச்சி வடிவமைத்த எண்கோணக் கட்டடம், கிளாஸ்கோவில் வார்க்கப்பட்ட இரும்புத் தூண்கள். ஆனால் உள்ளே விலை மற்ற நிலையங்களைவிடச் சற்றுக் கூடுதல். மாலை மயங்கியதும் பக்கத்து பூன் டாட் ஸ்ட்ரீட்டில் போக்குவரத்தை நிறுத்திவிட்டு மேசை போட்டு, குச்சியில் கோத்த இறைச்சியான சாத்தே சுடுவார்கள். அதற்காகப் போகலாம், அதற்காக மட்டும்.

கம்போங் கிளாமுக்கு என் வாக்கு. சுல்தான் பள்ளிவாசலுக்கு எதிரே நார்த் பிரிட்ஜ் ரோட்டில் 1908 முதல் இருக்கும் ஜாம் ஜாம் உணவகத்தின் முர்தபாக்கை ஒரு முறையாவது சாப்பிட வேண்டும். வாசலிலேயே கல் இருக்கும். மாவை வீசி வீசிக் கண்ணாடி போல மெலிதாக்கி, கொத்திய ஆட்டிறைச்சியும் வெங்காயமும் முட்டையும் பரப்பி, நான்கு பக்கமும் மடித்துச் சதுரமாகச் சுடுவார்கள். கூடவே குழம்பு வரும். சிறிய அளவே ஒருவருக்குப் போதும். பகலில் வருகிறவர்கள் இதே வட்டாரத்தின் நாசி பாடாங் கடைகளைப் பார்க்கலாம். கண்ணாடிக்குப் பின்னே வரிசையாக இருக்கும் ரெண்டாங், வறுத்த மீன், கீரை ஆகியவற்றைக் கைகாட்டினால் சோற்றின்மேல் வைத்துத் தருவார்கள். எத்தனை காட்டினீர்களோ அத்தனைக்கும் விலை உண்டு.

சைவர்களுக்குச் சில எச்சரிக்கைகள்

லிட்டில் இந்தியாவுக்கு வெளியே சைவம் என்பதைக் கேட்டு உறுதிசெய்துகொள்ள வேண்டும். காய்கறி மட்டும் தெரிகிற தட்டிலும் சிப்பிச் சாறு ஊற்றியிருப்பார்கள். சம்பால் என்ற மிளகாய் விழுதில் காய்ந்த இறால் விழுது இருக்கும். லக்சா என்ற தேங்காய்ப்பால் நூடுல்ஸின் குழம்பிலும் இறால் அரைத்திருப்பார்கள். பெரிய உணவங்காடி நிலையங்களில் பௌத்த சைவக் கடை இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள். அங்கே இறைச்சி போலவே தோன்றும் துண்டுகள் சோயாவிலும் கோதுமையிலும் செய்தவை. முட்டை உண்டா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

எந்த நிலையமானாலும் மேசையில் டிஷ்யூ பொட்டலமோ குடையோ இருந்தால் அந்த இடத்தை யாரோ பிடித்துவிட்டார்கள். சாப்பிட்டதும் தட்டை நீங்களே எடுத்துப்போய் வைக்க வேண்டும். 2021 செப்டம்பர் முதல் இது கட்டாயம். முதல்முறை எச்சரிக்கைக் கடிதம், இரண்டாம்முறை 300 வெள்ளி அபராதம். ஹலால் தட்டுகளுக்குத் தனி அடுக்கு இருக்கும். அதைக் கலந்துவிடாமல் பார்த்து வைப்பது பக்கத்து மேசைக்காரருக்கு நாம் செய்யும் மரியாதை.

திங்கட்கிழமை மேக்ஸ்வெல்லுக்குக் கிளம்பாதீர்கள். தியான் தியானுக்கு அன்று விடுமுறை, வேறு பல கடைகளுக்கும்தான். அவ்வப்போது முழு நிலையத்தையும் துப்புரவுப் பணிக்காக மூடுவார்கள். அந்தத் தேதிகளைத் தேசியச் சுற்றுப்புற வாரியம் முன்கூட்டியே வெளியிடுகிறது. விடுதியை விட்டு இறங்கும் முன் அதைப் பார்த்துவிடுங்கள்.