மூன்று வருசமாகப் பாவிக்கும் வங்கிச் செயலி: தொடுப்புகளும் வழிகளும்

விசுவமடுவில் சின்னதாக ஒரு கொமினிக்கேசன் கடை வைத்திருக்கிறேன். ஒரு வங்கியின் செயலியை மூன்று வருசமாக என் கணக்குக்கும், கடைக்கு வருகிற சனத்துக்குக் காட்டிக்கொடுக்கவும் பாவிக்கிறேன்.

முதல் இரண்டு வருசமும் எல்லாம் மேல்மூலையில் இருந்த மூன்று கோட்டுக்குள் ஒளிந்து கிடந்தன. அதைத் தொட்டால்தான் பட்டியல் திறக்கும் என்று இங்கே பலருக்குத் தெரியாது. திறந்தாலும் நாலு இடத்தில் ‘இங்கே அழுத்தவும்’. மாங்குளம் சந்தியில் ‘முல்லைத்தீவு’ என்று போடாமல் ‘இந்தப் பக்கம்’ என்று பலகை நட்டால் யார் திரும்புவார்? கண் தெரியாதவர்கள், திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் திரைவாசிப்பானில் தொடுப்புகளை (லிங்க்) மட்டும் வரிசையாகக் கேட்பார்கள். அவர்களுக்கு நாலு தரமும் அதே ‘இங்கே அழுத்தவும்’தான்.

ஒருநாள் புதுக்குடியிருப்பிலிருந்து ஒரு பெரியம்மா, கச்சான் வித்த காசைப் பேரனுக்கு அனுப்ப வந்தா. ‘உறுதிசெய்’, ‘இரத்துச்செய்’ இரண்டும் பக்கத்தில் பக்கத்தில், மெல்லிய எழுத்தில். கச்சான் பிடுங்கிக் காய்ச்சுப்போன பெருவிரல். மூன்று தரமும் ‘இரத்துச்செய்’யில்தான் பட்டது, நிரப்பினதெல்லாம் அழிந்தது. “தம்பி, நான் சரியாத்தானே அமத்தினனான்?” என்றா. அவ சரியாகத்தான் அமத்தினவ. தொடும் இடத்துக்கு அன்ட்ரொயிட் 48 அலகும் ஆப்பிள் 44 அலகும் கேட்கின்றன. எல்லாரும் பாவிக்கக்கூடியதாக இணையத்தைச் செய்ய வழிசொல்லும், 2023 இல் வந்த டபிள்யூ.சி.ஏ.ஜி. 2.2 கூடக் குறைந்தது 24 பிக்சல் என்கிறது. அந்தத் திரையைச் செய்தவர்கள் இதைப் பார்க்கவில்லை.

போன வருசம் புதுப்பித்தார்கள். இப்போது கீழே ஐந்து பொத்தான்கள், ஒவ்வொரு படத்துக்கும் அடியில் சொல். நிற்கும் இடம் தடித்த எழுத்தில் தெரிகிறது. பின்னுக்குப் போனாலும் எழுதினது அழியாது. பெரியம்மா இப்போது கணக்கு மீதியைத் தானே பார்க்கிறா. எனக்கு அது பெரிய சந்தோசம்.

தமிழில் மட்டும் இன்னும் கவனம் போதாது. ‘பரிவர்த்தனை வரலாறு’ பொத்தானில் அடங்காமல் ‘பரிவர்த்…’ என்று வெட்டுப்பட்டு நிற்கிறது. ‘வரவு செலவு’ என்று போட்டால் அடங்கும், சனத்துக்கும் உடனே விளங்கும். தொடுப்புக்கு அடிக்கோடு போட்டது நல்லது, ஆனால் கோடு ‘பு’, ‘சு’ எழுத்துகளின் காலை வெட்டிக்கொண்டு போகிறது. கொஞ்சம் கீழே இறக்கினால் போதும்.

மற்றது, ‘காசு வந்திருக்கிறது’ என்ற அறிவித்தலைத் தொட்டால் அந்த வரவு திறப்பதில்லை, முகப்புக்குத்தான் போகிறது. அங்கிருந்து தேடத் தெரியாமல்தான் பாதிப்பேர் என் கடைக்கு வருகிறார்கள். இரண்டு தரம் எழுதி அனுப்பியிருக்கிறேன். அடுத்த பதிப்பிலாவது திருத்த வேண்டும்.